சனிக்கு விட்ட சப்பாத்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசல் கிரில்லைத் திறந்து பார்த்தால், அடுக்கில் தனலெட்சுமியின் ஓட்டச் சப்பாத்தை மட்டும் காணோம். மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. புருஷன் சின்னையாவின் ஜப்பான் சிலிப்பர், அவளுடைய வீட்டுச் சிலிப்பர், மகள் உஷாராணி போன தீபாவளிக்கு வந்து விட்டுப் போன உயரமான செருப்பு, பேரன் காலுக்கு இப்போது பத்தாத பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம் இருந்தன. சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுக் கோடு போட்டது, இடது பெருவிரல் பக்கம் கிழிந்ததை அவளே நீல நைலான் நூலால் தைத்து வைத்திருந்தது, அந்த ஒரு ஜோடிதான் இல்லை.

திருடன் என்று நினைக்கவும் வழியில்லை. அறுபத்து நாலு வயதுப் பொம்பிளையின் அஞ்சாம் நம்பர் சப்பாத்தைத் திருடி எந்தத் திருடன் என்ன செய்யப் போகிறான்? பக்கத்திலேயே புதுக் குடை ஒன்று மாட்டியிருந்தது. அதை அவன் தொடவில்லை.

ஏழு வாரம் காத்திருந்தவள் அவள். கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து, இளவயது டாக்டர் "ஓகே ஆன்டி, ஸ்லோவா ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொன்ன அன்றைக்கே காலண்டரில் இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள். முந்தின ராத்திரி தூக்கம்கூடச் சரியாக வரவில்லை. கால்சட்டை மாட்டி, டீ-சட்டை போட்டு, கொண்டையை இறுக்கி, பொட்டு வைத்து, இடுப்பில் தண்ணீர்ப் போத்தலும் கட்டியாகிவிட்டது. இனி காலில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"ஏங்க, என் சப்பாத்து எங்க?"

சின்னையா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பால் சேர்க்காத கோப்பி-ஓவைத் தட்டில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்தச் சப்பாத்து?"

"இந்த வீட்ல எத்தன பேரு ஓடுறாங்க? என் சப்பாத்துதான்."

"நாயி ஏதும் தூக்கிட்டுப் போயிருக்கும்லா. பின் சந்து நாயிங்க ரொம்ப மோசம்."

"ரெண்டையும் ஒண்ணாவா? ஒரே வாயில?"

"ரெண்டு நாயி வந்திருக்கும்."

பச்சைப் பொய். நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் என்ன பொய், எதற்குப் பொய் என்றுதான் பிடிபடவில்லை. வழக்கமாக அவள் ஓடக் கிளம்பினால் மழை வரும் என்பார், முட்டி தேஞ்சிரும் என்பார், குடியிருக்கிற தாமானே சிரிக்கிறது என்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு குவளை கோப்பி கலக்கி, சீனி போடாமல், எதிரில் கொண்டுவந்து வைத்தார். அவர் கோப்பி கலக்கியதைத் தாமானில் யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். தனலெட்சுமி அதைக் குடித்துவிட்டு, ஓட்ட உடையோடு கிரில்லைப் பிடித்துக்கொண்டு விடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, ஓட்டம் அவளுக்குப் புதிதல்ல. கிள்ளானில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் அட்டெண்டன் வேலை. கட்டில் தள்ளிக்கொண்டு ஓட்டம், ரத்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம், ஷிஃப்ட் முடிந்தால் பஸ் பிடிக்க ஓட்டம், வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஓட்டம். ஐம்பத்திரண்டாவது வயதில் இனிப்பு நீர் வியாதி என்று கண்டுபிடித்தார்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார் டாக்டர். தாமானுக்குப் பக்கத்துப் பாடாங் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் நடந்திருப்பாள். ஒருநாள் காலையில் திடுதிப்பென்று மழை பிடித்துக்கொண்டது. கூரை இருக்கிற இடத்துக்குப் போய் ஒதுங்கலாமென்று ஓடினாள். கூரையும் வந்தது. ஏனோ நிற்கத் தோன்றவில்லை. அதைத் தாண்டி ஓடி, இன்னொரு சுற்று வந்து, மறுபடியும் கூரையைத் தாண்டி ஓடினாள். ஒதுங்கி நின்றவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஆயுசில் கையில் எதையும் பிடிக்காமல், யாரும் கூப்பிடாமல், யாருக்கும் எதுவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிராமல் அவள் ஓடியது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து பன்னிரண்டு வருஷம். வேகமெல்லாம் ஒன்றும் பெரிதாக இல்லை. பாடாங்கில் வேகமாக நடக்கிற சீனக் கிழவர் ஒருவர் இன்றைக்கும் அவளை முந்திப் போகிறார். ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கூட ஓடுபவள் சியூ லான், தையல்கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவள். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொண்டே ஓடுவார்கள். பேச்சென்றால் முட்டிக்கு என்ன எண்ணெய், கீரை என்ன விலை, மருமகள் என்ன சொன்னாள் என்கிற பேச்சுதான். மூன்றாவது சுற்று வரைக்கும் உடம்பு முரண்டு பிடிக்கும். அதற்குப் பிறகு மூச்சு தானாக ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து பேச்சும் தேவைப்படாது. அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான் அவள் விடிகாலையில் எழுந்திருக்கிறாள். இதை யாரிடம் சொன்னாலும் உடம்புக்கு நல்லதுதானே என்பார்கள். உடம்புக்கு நல்லது என்று பார்த்தால் பாகற்காய்ச் சாறும்தான் நல்லது, அதற்காக யாரும் நாலரை மணிக்கு முழித்துக்கொண்டு விடியட்டும் என்று காத்துக் கிடக்கிறார்களா என்ன?

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி பெய்த மழையில் நடைபாதை ஊறிக் கிடந்தது. லொங்காங் சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகை ஒன்று ஆடியது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, தாடையில் நாலு தையல். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு டின் மைலோவும் அதைவிடப் பெரிய புத்திமதியும் கொண்டுவந்தார்கள்.

சப்பாத்து காணாமல் போன அன்று மத்தியானம் சுபாங் ஜெயாவிலிருந்து உஷாராணி கூப்பிட்டாள்.

"மா, அப்பா சொன்னாங்க. சப்பாத்து காணாமப் போச்சாமே."

"ஓ, உனக்கு அதுக்குள்ள ரிப்போர்ட் வந்திருச்சா?"

"நல்லதுக்குன்னு நெனச்சுக்கோங்களேன்மா. சிக்ஸ்டி ஃபோர் ஆகுது உங்களுக்கு. வாக்கிங் போங்க, யாரு வேணாம்னா? ஓடித்தான் ஆகணுமா? பின்னால யாராச்சும் தொரத்துறாங்களா?"

"ஒன்னத் தொரத்திக்கிட்டு நான் ஓடுனேன் பாரு, ஒரு வாய் சோத்துக்காக, அப்பக் கேட்டிருக்கணும் இத."

"மா, சீரியஸா பேசுறேன். வேணும்னா எங்க வீட்ல ட்ரெட்மில் சும்மாதான் கெடக்கு, அனுப்பி வைக்கிறேன். ஃபேன் கீழ வச்சு, டிவி பாத்துக்கிட்டு ஓடுங்க. விழுந்தா அப்பா தூக்கி விடுவாரு."

"எலி கூண்டுக்குள்ள ஓடுமே, அந்த மாதிரியா? வேணாம்டியம்மா. நீயே துணி காயப் போடுறதுக்குத்தான அத வச்சிருக்க."

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் குரலை இறக்கி, "அப்பா ரொம்பப் பயந்திருக்காரு மா" என்றாள். தனலெட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னையா எதற்குத்தான் பயப்பட மாட்டார், பல்லிக்கே பயப்படுகிற ஆள்.

வியாழக்கிழமை காரத்தூளும் பூவும் வாங்கத் தெங்கு கிளானா சாலைக்குப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைத்தெருவில் மாலை கட்டுகிறவர்களும் முறுக்குப் பொரிக்கிறவர்களும் பாட்டுப் போடுகிறவர்களுமாக நடக்க இடமில்லை. பசியும் எடுத்தது. வழக்கமாகப் போகிற வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஏறி உட்கார்ந்தாள். சோறு வந்தது, முருங்கைக்காய்ச் சாம்பார் வந்தது, பொரித்த கெளுத்தி ஒரு துண்டு வந்தது. பக்கத்து மேசையின் எச்சில் இலையை எடுத்துவிட்டு ஒரு பொம்பிளை துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பூப்போட்ட சட்டை, மேலே ரப்பர் ஏப்ரன். கீழே சாம்பல் நிறச் சப்பாத்து. ஆரஞ்சுக் கோடு. இடது பெருவிரல் பக்கம் நீல நைலான் தையல்.

தனலெட்சுமிக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. தான் போட்ட தையல் தனக்குத் தெரியாதா?

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. இந்தச் சப்பாத்து நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?"

அந்தப் பொம்பிளை காலைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். மறைக்கத் தெரியாத முகம். பெயர் வீரம்மா என்று பின்னால் சொன்னாள், பண்டமாரானிலிருந்து வருகிறவள்.

"வாங்கலக்கா. கோயில்ல கெடந்துச்சு. எங்க தாமானுக்குப் பக்கத்துல நவக்கிரகக் கோயில் இருக்குல்ல, சனிக்கிழமை வெளக்கு போடப் போனேன். எல்லாரும் போன பொறவும் இது மட்டும் தனியா, ஜோடியா, அழகா சேத்து வச்சுக் கெடந்துச்சு. ஐயரு கோயில பூட்டுற வரைக்கும் நின்னு பாத்தேன்க்கா. யாரும் வரல. மழ வேற தூறுது."

"அப்படி விட்டுட்டுப் போனா என்னான்னு தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியாம என்ன? யாரோ பீடையக் கழிச்சு விட்டுட்டுப் போயிருக்காங்க." வீரம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "காலு உள்ள விட்டுப் பாத்தேன், அளவு எடுத்து தச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு ரெண்டு வருசமா குதிகால் வலிக்கா. காலையில எறங்கி நிக்க முடியாது, ஊசி குத்துற மாதிரி இருக்கும். இந்தக் கடையில எட்டு மணி நேரம் நிக்கணும். இதப் போட்டு அஞ்சு நாளாச்சு, வலியக் காணோம். போங்கக்கா, இதப் போயி பீடைன்னா எப்புடி?"

என்னுடையது என்று தனலெட்சுமி சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, அந்தக் குதிகாலை நினைத்து விழுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரித் தரையில் இருபத்தொன்பது வருஷம் நின்றவளுக்குக் குதிகால் வலி என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "லேஸ இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க, அப்பத்தான் பாதம் ஆடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது மண்டைக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தியது. போன சனிக்கிழமை சாயங்காலம் சின்னையா பிளாஸ்டிக் பையோடு கிளம்பிப் போனது. திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி. வந்தவுடன் காலைக் கழுவாமல் உள்ளே வராதது.

வீட்டுக்கு வந்தபோது சின்னையா வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உள்ள வாங்க."

"தோ முடிஞ்சிருச்சு. இந்தச் செயினுக்கு மட்டும் கொஞ்சம் எண்ண..."

"செயின் எங்கயும் ஓடிறாது. வாங்க."

வந்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கை எண்ணெயைக் கைலியில் துடைத்தார். மற்ற நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும்.

"போன சனிக்கிழம நாகையா அண்ணனப் பாக்கப் போறேன்னு ஒரு பையோட போனீங்களே. பையில என்னா?"

"வாழப்பழம்."

"வாழப்பழத்துக்கு லேஸ் இருந்துச்சா?"

முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கூண்டில் ஏறியவன் மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தார். தனலெட்சுமிக்கு ஏழரைச் சனியின் கடைசி ரெண்டரை வருஷமாம். கோப்பிக் கடையில் கூட்டாளி நாகையாதான் சொன்னானாம், காலில் போடுவதைச் சனிக்கிழமை கோயிலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டால் பீடை அதோடு போய்விடுமென்று. ஒன்பது சுற்றுச் சுற்றினாராம். எள் விளக்கு போட்டாராம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நேராகவே பார்த்துக்கொண்டு வந்ததில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளில் முட்டி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாராம். கைலியை லேசாகத் தூக்கிக் காயத்தையும் காட்டினார்.

"பீடை போகணும்னா என் சிலிப்பர விட்டிருக்கலாம்ல? அதையும் நான்தானே போடுறேன்?"

சின்னையா கை எண்ணெயை மறுபடியும் கைலியில் துடைத்தார்.

"சனி போகணும்னு விட்டீங்களா, ஓட்டம் போகணும்னு விட்டீங்களா?"

"ரெண்டும்தான்," என்றார். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போன குரலாக இருந்தது.

அவள் வாழையிலைக் கடையில் பார்த்ததைச் சொன்னாள். அவ்வளவுதான், சின்னையா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"யாரு போட்டிருக்காங்க? ஐயோ, பீடை அந்தப் பொம்பளைக்குல்ல போயிருக்கும்! யாரு பெத்த புள்ளையோ. நான் யாரும் எடுக்க மாட்டாங்க, கோயில்காரங்க கூட்டிப் போட்டுருவாங்கன்னுல்ல நெனச்சேன். கெளம்பு தனம், போயி வாங்கிட்டு வந்துருவோம். நமக்குன்னு உள்ளது நமக்கே இருக்கட்டும். அடுத்தவங்க தலையில போய் நாம..."

"ஒக்காருங்க. அவங்களுக்குக் குதிகால் வலி போயிருச்சாம்."

"போயிருச்சா?"

"ரெண்டு வருசத்து வலி. அஞ்சு நாள்ல போயிருச்சாம்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். கணக்கு எங்கேயோ இடித்தது.

"அப்ப சனி எங்க போச்சு?"

"எனக்கு என்னா தெரியும்? பஸ் ஏறி பந்திங் போயிருச்சோ என்னமோ."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மேசை விரிப்பின் பூவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. காயப்போட்ட துணியை எடுக்க அவளும் எழவில்லை, அவரும் எழவில்லை.

"அன்னைக்கு போன் அடிச்சுச்சு," என்றார் கடைசியில். "உன் பேரு வந்துச்சு. எடுத்து, 'என்னா தனம்'னேன். பேசுனது நீ இல்ல. யாரோ ஆம்பள. மலாய்ல 'பாக்சிக், பாக்சிக்'னு கூப்புடுறான். உன் போன்ல, உன் பேருல, வேற ஒருத்தன் கொரலு. அவன் அடுத்து என்னா சொல்லப் போறான்னு இருந்துச்சு பாரு ஒரு நொடி... அதுல நான் செத்துட்டேன்னே வச்சுக்க. மோட்டார் சாவி கையில இருக்கு தனம். கையில வச்சுக்கிட்டு வீடு பூரா சாவியத் தேடுறேன். அப்புறம் செருப்பு போடாம ரோடு வரைக்கும் ஓடிட்டேன். இப்ப போன் அடிச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

இந்த ஏழு வாரத்தில் ஒருநாளும் அவர் இதைச் சொன்னதில்லை. அவள் மனசு அப்படியே இளகிப் போயிற்று. எழுந்து போய் அந்தத் தலையைத் தடவிக் கொடுக்கலாமா என்றிருந்தது. ஆனால் இப்போது இளகினால் பாடாங்கை இனிக் கனவில்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க லோரி ஓட்டுனது எத்தன வருஷம்?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்க."

"முப்பத்தொண்ணு."

"போர்ட்ல கண்டேனர் ஏத்திக்கிட்டு ஜொகூர் போவீங்க. தாய்லாந்து பார்டருக்குப் போவீங்க. மூணு நாள்னு சொல்லிட்டுப் போனா அஞ்சு நாளாவும். கைபோன் ஏது அப்ப? பேப்பர்ல லோரி கவுந்து கெடக்குற படம் போடுவான். நான் சேதி படிக்க மாட்டேன். நம்பர் பிளேட்டத்தான் மொதல்ல பாப்பேன். உங்களுது இல்லன்னா அப்புறந்தான் மூச்சே வரும். வெளிய லோரி சத்தம் கேட்டா உங்களுதான்னு எந்திரிச்சு ஒக்காருவேன். முப்பத்தோரு வருஷம். நான் என்னைக்காச்சும் உங்க லோரி சாவிய ஒளிச்சு வச்சேனா?"

"அது பொழப்புலா தனம். சோத்துக்கு. இது..."

"இது என்னா?"

"இது சும்மாதானே."

சொன்ன பிறகு தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். தனலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.

"ஆமா, சும்மாதான். அம்மா சொன்னாங்கன்னு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனேன். சம்பளம்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களுக்கு, உஷாவுக்கு, பேரனுக்குன்னு ஆக்கிப் போட்டேன். நான் கொற சொல்லல. எல்லாம் ஆசையாத்தான் செஞ்சேன். ஆனா இந்த அறுபத்து நாலு வருஷத்துல நான் சும்மா செய்யுறது இது ஒண்ணுதாங்க. அதுல எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு. உங்ககிட்ட சொல்லத் தெரியல. அத என்கிட்டருந்து எடுத்துறாதீங்க."

மழை கொட்ட ஆரம்பித்தது. கூரைத் தகரத்தின் சத்தத்தில் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அடங்கியபோது சின்னையா கேட்டார்.

"அப்பல்லாம் பயமா இருந்தா நீ என்னா பண்ணுவ?"

"என்னா பண்ணுறது? சோறாக்கி வைப்பேன்."

சின்னையா எழுந்து போய் நனைந்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை தனலெட்சுமி தனியாகக் கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கினாள். கடைப்பையன் "யாருக்கு ஆன்டி, மகளுக்கா?" என்று கேட்டான். அவள் இரண்டு காலிலும் மாட்டி, கடைக்குள்ளேயே இரண்டு தரம் ஓடிக் காட்டினாள். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது சின்னையா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று முழுக்கப் பேச்சு குறைவாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் அவள் எழுந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் குறட்டை வரும். போயிட்டு வரேன் என்றாள். கிரில்லைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

வெளியே மழை பெய்து ஓய்ந்த ஈரக் காற்று. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிற இரண்டு பேர் சலாம் சொல்லிப் போனார்கள். பாடாங் வாசலில் சியூ லான் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். "பெலான்-பெலான், தனா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், மெதுவாக, மெதுவாக என்று. முதல் சுற்றில் மணிக்கட்டு கனத்தது. கண் தரையைவிட்டு அகலவில்லை, ஒவ்வொரு சிமெண்டுப் பலகையையும் சந்தேகப்பட்டாள். இரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் இழுத்தது. ஏழு வாரம் உட்கார வைத்ததற்கு உடம்பு வட்டியோடு கேட்டது. பேசாமல் நடந்து முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். நாலாவது சுற்றில் போர்ட்டுக்குப் போகிற ரயில் ஒன்று அந்தப் பக்கம் வெளிச்சமாகக் கடந்து போனது. அப்போதுதான் கவனித்தாள், மூச்சு உட்கார்ந்துவிட்டிருந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்தது என்று தெரியவில்லை. கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புல் வாசனை வந்தது, ஆற்றுச் சேற்று வாசனை வந்தது, எங்கேயோ நாசி லெமாக் சோற்றுக்குச் சம்பல் தாளிக்கிற வாசனையும் வந்தது. தனலெட்சுமிக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்தாள். சீனக் கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்திக்கொண்டு போனார்.

ஆறு கிலோமீட்டரோடு சியூ லான் நின்றுவிட்டாள். தனலெட்சுமி நிற்கவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று வெயில் முதுகில் ஏறுகிற வரைக்கும் ஓடினாள். நின்று மணியைப் பார்த்தால் எட்டேகால். ஏழரைக்கெல்லாம் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள். போனை எடுத்துப் பார்த்தாள். அவரிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. விழுந்ததற்கு முன்பெல்லாம் சீனி டப்பா எங்கே என்று கேட்கக்கூட இரண்டு தரம் கூப்பிடுகிற மனுஷன். கோபமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கிரில்லைத் திறக்கும்போதே கருகிய வாசனை அடித்தது. சப்பாத்தை எப்படிக் கழற்றினாள் என்று தெரியாது, அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

சின்னையா அடுப்புக்கு முன்னால் நின்றார். பனியனெல்லாம் மஞ்சள் தூள். ஒரு பானை நிறையச் சோறு, பத்துப் பேர் சாப்பிடலாம், பாதி கஞ்சி, பாதி வேகாதது. வாணலியில் சார்டின் சம்பல், அடி பிடித்துப் போயிருந்தது. மேசை மேல் பெரிய வெங்காயம் மலைபோல நறுக்கிக் கிடந்தது, வீட்டிலிருந்த மொத்தக் கூடையும். பக்கத்துத் தட்டில் உரித்த பூண்டு. அதற்குப் பக்கத்தில் அவருடைய போன், குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தது.

"என்னாங்க இது, காலங்காத்தால?"

அவர் திரும்பி அவளை உச்சியிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கை, தாடை, முட்டி எல்லாம் முழுசாக இருந்ததைப் பார்த்து முடித்த பிறகுதான் வாய் வந்தது.

"சோறு வச்சேன். நீ வரல. வெங்காயம் வெட்டுனேன். எல்லாத்தையும் வெட்டிட்டேன், அப்பவும் வரல. அப்புறம் பூண்டு உரிச்சேன். போன் பண்ணலாம்னு எடுத்தேன் தனம், நாலு தரம் எடுத்தேன். ஓடுறப்ப அடிச்சா பதறி விழுந்துருவன்னு வச்சுட்டேன்." கரண்டியைக் கீழே வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே நின்றார். "ரெண்டு மணி நேரந்தான். இதுக்கே எனக்கு இப்புடி இருக்கு. நீ எப்புடி இருந்த முப்பத்தோரு வருஷம்? போகப் போகப் பழகிருச்சா?"

தனலெட்சுமி அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சம்பலில் போட்டாள்.

"பழகல," என்றாள். "கடைசி நாள் வரைக்கும் பழகவே இல்ல. தட்ட எடுங்க, ரொம்பப் பசிக்குது."